அந்த அம்மாளின் பெயர்

போன வாரம் ராஜபாளையத்தில், ஒரு வகுப்பு முழுக்க இருந்த பெண் பிள்ளைகள் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன்.

சிரிக்காதீர்கள். அத்தனை பேர் சேர்ந்து உங்கள் பெயரை உரக்கச் சொன்னால் நீங்கள் மட்டும் உட்கார்ந்தா இருப்பீர்கள்? 'பிரசென்ட் சார்' சொல்லிப் பழகின உடம்பு... அதுபாட்டுக்கு எழுந்துவிட்டது. எழுந்த பிறகுதான் உறைத்தது, அவர்கள் கூப்பிட்டது என்னை அல்ல. செத்துப்போய் எத்தனையோ காலமாகிவிட்ட ஓர் இங்கிலீஷ்கார அம்மாளை.

குழப்பமாக இருக்கிறதா? முதலிலிருந்தே சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஊரார் சமாசாரத்தையெல்லாம் இழுத்துப் போட்டுச் சிரித்தவன், தன் வீட்டு சமாசாரம் வரும்போது மட்டும் பேனாவை மூடி வைத்தால் நியாயமா?

என் வீட்டுக்காரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்றாம் வகுப்பு. அடுப்படியிலேயே படித்து, பிரைவேட்டாகப் பரீட்சை எழுதி பி.ஏ. பாஸ் பண்ணினவள். இங்கிலீஷ் என்றால் உயிர். ஆனால் மூன்றாம் வகுப்புக்கு எவ்வளவு இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது? 'கேட்', 'ரேட்', அதோடு சரி. மிச்சப் பொழுதெல்லாம் வாய்ப்பாடுதான்.

இந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் புதிதாக ஆரம்பித்திருக்கிற பெண்கள் ஹைஸ்கூலில், மேல் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர் தேடுகிறார்கள் என்று தெரிந்தது.

"இந்த வேலை மட்டும் கெடச்சிட்டா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

அவள் அப்படி வாய் திறந்து எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சேலை கேட்டதில்லை, செயின் கேட்டதில்லை. தீபாவளியும் இல்லாத, கிறிஸ்துமஸும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

பள்ளிக்கூடக் கமிட்டி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வருகிறவர்கள் கமிட்டியின் முன்னிலையில் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். விஷயம்: புகழ்பெற்ற இங்கிலீஷ் நாவலாசிரியை ஒருவரின் வாழ்க்கையும் நூல்களும். எந்த அம்மாள் என்பது அவரவர் இஷ்டம்.

என் வீட்டுக்காரி யோசிக்கவே இல்லை. அவள் மனசில் எப்போதோ ஓர் அம்மாள் குடியேறி இருந்தாள்.

மிஷன் லைப்ரரியிலிருந்து கட்டுக் கட்டாகப் புஸ்தகம் வந்தது. குழம்பு கொதிக்கும்போது ஓர் அத்தியாயம், பால் பொங்குவதற்குள் இரண்டு பக்கம். பால் பொங்கி வழிந்தது, அது வேறு விஷயம். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கும் பாடம்தான். அந்த அம்மாள் ஒரு குக்கிராமத்தில் பிறந்தது, நோயாளித் தகப்பனாரைப் பார்த்துக்கொண்டே படித்தது, வீட்டு வேலைக்கு நடுவில் எழுதினது... எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"இந்தக் கதையில வர்ற அத்தைக்காரி இருக்காளே, அப்படியே நம்ம செட்டியார்பட்டி அத்தை! வாயைத் தொறந்தா குத்தந்தான்" என்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.

ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அவிய ஏன் ஆம்பளப் பேர்ல எழுதுனாவ தெரியுமா? எழுதுனது பொம்பளைன்னு தெரிஞ்சா, பொழுது போகாம கிறுக்கியிருக்கான்னு தூக்கிப் போட்டுருவாங்களாம். அந்த ஊர்லயும் பொம்பளைக்குப் பேரு ஒரு தொல்லதான் போல."

ஆமாம். அந்த அம்மாள் எழுதினதெல்லாம் ஓர் ஆண்பிள்ளைப் பெயரில். இரண்டு பாகமாக இருக்கும் அந்தப் பெயரின் முன்பாகம்தான் என் பெயர்.

நான் இந்தப் பத்தியை எந்தப் புனைபெயரில் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத்தின்போது எனக்கு வைத்த இங்கிலீஷ் பெயர் உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ராஜபாளையம் போவோம். துணைக்கு நானும் கிளம்பினேன். யுத்த காலம் அல்லவா, பெட்ரோல் ஏது? கரி பஸ்தான். பின்னால் ஒரு பெரிய அடுப்பு. நடுவழியில் மூச்சு வாங்கி நின்றால், கிளீனர் இறங்கி அடுப்பைக் கிளறிவிட்டு விசிறியைச் சுற்ற வேண்டும். நாம் இறங்கி வேடிக்கை பார்க்க வேண்டும். வழி நெடுக அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாடத்தை ஒப்பித்துக்கொண்டு வந்தாள்.

கமிட்டித் தலைவர் தெலுங்கு பேசுகிற பெரியவர். மில் சம்பந்தம் உண்டு, படிப்பும் உண்டு. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, நீங்களா சார்! உங்க பத்தியைப் படிச்சிட்டுத்தான் மத்த பக்கத்தையே திருப்புவேன். அந்த 'ஏங்க' கட்டுரை இருக்கே... பேஷ்!"

'ஏங்க' கட்டுரை உங்களுக்கும் நினைவிருக்கும். புருஷன் பெயரைச் சொல்லாமல் நம் வீட்டுப் பெண்கள் படுகிற பாட்டை எழுதியிருந்தேன். 'ஏங்க', 'இஞ்சாருங்க', 'நம்ம பெரியவனோட அப்பா', கைதட்டல், செருமல், பாத்திரத்தை ணங்கென்று வைப்பது... கடைசியில் ஒரு முழக்கம் வேறு. 'பெண்களே! புருஷன் பெயரைத் தைரியமாகச் சொல்லுங்கள். வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடாது!' எத்தனை பேர் பாராட்டினீர்கள்! ஒரு மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

"அதைப் படிச்சிட்டு எங்க வீட்டம்மாகிட்ட, என் பேரைச் சொல்லுன்னேன். 'ஏமண்டி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா'ன்னு கேட்டா சார்!" என்று தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். வகுப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் உட்கார்ந்தேன்.

பாடம் ஆரம்பமாயிற்று.

என்னவென்று சொல்ல? எங்கள் வீட்டில் குழம்பு கிண்டுகிற அதே பெண்ணா என்று இருந்தது. அந்த இங்கிலீஷ் கிராமத்துக் குளிரைச் சொன்னாள், பிள்ளைகள் தாவணியை இழுத்து மூடிக்கொண்டார்கள். அத்தைக்காரி பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள். ஒரே சிரிப்பு. தகப்பனார் இறந்த இடத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். தலைவர் பக்கத்திலிருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளிடம் குனிந்து, "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சித் தலையை ஆட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்டிப்பான அம்மாள், மதுரைப் பக்கம். அவரே லேசாகச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அந்த அம்மா பேரு என்ன டீச்சர்?"

அப்போதுதான் எல்லோருக்கும் பொறி தட்டியது. இவ்வளவு நேரமும் 'இந்த அம்மாள்', 'நம் நாவலாசிரியை', 'அவர்'... பெயரே வரவில்லை!

என் வீட்டுக்காரி போர்டுப் பக்கம் திரும்பினாள். பிறகு சாக்கட்டியை எடுத்து, போர்டில் அழகாக எழுதினாள். கொட்டை எழுத்தில், இரண்டு பாகமும்.

"எங்க, எல்லாரும் சேர்ந்து படிங்க பாப்போம்."

கெட்டிக்காரி! பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாள். பிள்ளைகளும் முதல் பாகத்தைக் கூரை அதிரப் படித்தார்கள். அடுத்த பாகத்துக்கு மூச்சு வாங்குவதற்குள், பின்னால் சுவரோரம் ஒரு மனுஷன் எழுந்து நின்றான்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. கமிட்டி திரும்பிப் பார்த்தது.

தலைவருக்கு முதலில் புரிந்தது. போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அடடே! வீட்டுக்காரர் பேரா!" என்று கையைத் தட்டினார். கொல்லென்று சிரிப்பு. நான் உட்காருவதா, நிற்பதா?

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கவில்லை.

"அம்மா, இந்த ஆசிரியையோட புஸ்தகம் இங்க ரெண்டு வருஷம் பாடம். ரெண்டு வருஷமும் பேரைச் சொல்லாமலேவா நடத்துவீங்க? ஒரு தடவை சொல்லுங்க, கேட்போம்."

அவள் சாக்கட்டியை மேஜைமேல் வைத்தாள்.

தலைவர் சமாதானமாகப் பேசினார். "சும்மா சொல்லும்மா. உங்க வீட்டுக்காரர் ஊருக்கே உபதேசம் பண்ணினவர் ஆச்சே! அவரா கோவிச்சுக்கப் போறார்?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவிய சொல்லத்தான் சொல்லுதாவ சார். எனக்குத்தான் நாக்கு வரமாட்டேங்கு."

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம், ஆட்டினேன். 'நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கிறாளா?' என்கிற மாதிரி ஓர் ஆட்டல்.

இப்போது உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நாக்கு வந்தது. நன்றாகவே வந்தது.

பாடம் தயார் பண்ண ஆரம்பித்த புதிதில் ஒரு காலை, நான் ஜன்னலோரம் கண்ணாடி வைத்துச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவள் உரக்கப் பாடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் பெயர் கேட்டது. கணீரென்று.

"என்ன?" என்றேன்.

"ஒங்கள இல்ல, இவியள" என்று புஸ்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

செத்த நேரத்தில் மறுபடியும். பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை கன்னத்தில் கத்தி பட்டுவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினேன்.

"ஏட்டி, அந்தப் பேரை அம்புட்டுச் சத்தமாவா சொல்லணும்? பக்கத்து வீட்டுல கேட்டா என்ன நெனப்பாக?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. "நீங்கதான எழுதுனீய, வானம் இடிஞ்சு விழாதுன்னு? அதைப் படிச்சிட்டுத்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு."

அப்போது நான் சொன்ன பதில் இருக்கிறதே... பத்திரிகை படிக்கிற அத்தனை பேரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எழுதுறது வேற, வீடு வேற."

அன்றோடு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் நின்றுபோனது. 'அந்த அம்மா', 'அவிய' என்று பாடத்தையே மாற்றிக்கொண்டாள். பெயர் வராமல் ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிப்போட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கன்னத்துக் காயம் ஆறினது, நானும் மறந்துபோனேன்.

கமிட்டி உள்ளே கலந்து பேசப் போயிற்று. வராந்தாவில் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"பின்ன? அந்தப் பேரு வேண்டாம்னது நீங்கதான? வீட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு அத்தன பேரு முன்னால சொல்லச் சொல்லுதீயளா? எம்புட்டுப் பேரு படிக்கிற பத்திரிகை... ஒங்க பேரு கெட்டுப்போகும்லா." டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "காப்பி ஆறுது, குடிங்க."

என் பேரைச் சொல்லாமலே என் பேரைக் காப்பாற்றிவிட்டாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு வேலையை விட்டுக்கொடுத்து. சீச்சீ, என்ன ஜன்மம் இது என்று இருந்தது. உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். நிஜமாகத்தான். கதவு வரைக்கும் போனேன்.

கதவைத் திறந்துகொண்டு தலைவரே வெளியே வந்தார்.

"பாடம் பாகுந்தம்மா, அதிலே சந்தேகமே இல்லே" என்று அவளிடம் சொன்னார். "ஆனா பெண் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிக்குடுக்கிற டீச்சரா வேணும்னு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா நினைக்கிறாங்க. காலையிலே வந்த இன்னொரு டீச்சரையே எடுத்துக்கலாம்னு முடிவாயிருக்கு. மனசிலே வச்சுக்காதேம்மா."

"இருக்கட்டும் சார்" என்று கும்பிட்டாள்.

அவர் என்னைத் தனியே அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் அத்தனை அனுதாபம்.

"உங்களை மாதிரி முற்போக்கான மனுஷருக்கு இப்படி ஒரு வீட்டம்மா... என்ன செய்யறது சார். மெள்ள மெள்ளத் திருத்துங்க."

இப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்தேன். திறந்து, "பார்க்கிறேன் சார்" என்றேன்.

பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு அசையவில்லை. பாதி வழியில் வழக்கம்போல பஸ்ஸுக்கு மூச்சு முட்டியது. கிளீனர் இறங்கி அடுப்பைக் கிளற ஆரம்பித்தான். ஆண்பிள்ளைகள் எல்லாம் இறங்கினார்கள். நானும் இறங்கி, ரொம்ப தூரம் நடந்து, ஒரு புளிய மரத்தின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பஸ் கிளம்பத் தயாராகி, ஹாரன் அடித்ததெல்லாம் என் காதில் விழவில்லை. கண்டக்டர் அவளிடம் கேட்டிருக்கிறார்.

"ஒங்க வீட்டுக்காரவுக எங்கம்மா? இப்ப விட்டா பொறவு இந்த வண்டி கெளம்பாது. கூப்பிடுங்க! இல்ல, பேரச் சொல்லுங்க, நான் கூப்பிடுதேன்."

பஸ் முழுக்க அவள் வாயையே பார்த்திருக்கிறது.

புளிய மரத்தடிக்கு என் பெயர் வந்தது. கணீரென்று. சவரக் கண்ணாடி முன்னால் கேட்ட அதே குரல்.

அன்றைக்கு இரண்டாவது தடவையாக என் பெயரைக் கேட்டு எழுந்தேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஏறும்போது அத்தனை கண்களும் என் மேல்தான். ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம், "பேரச் சொல்லிக் கூப்பிடுதா பாத்தியா" என்றார். வானம் பார்த்தேன். இருந்த இடத்தில்தான் இருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். "கூப்பிட்டியா?"

"நான் அந்த அம்மாளைல்லா கூப்பிட்டேன்" என்றாள். "நீங்க எதுக்கு ஓடி வந்தீய?"

முகத்தில் சிரிப்பு ஒன்றும் இல்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு மெல்லச் சொன்னேன். "இதை அங்கயே சொல்லியிருந்தா வேலை கெடச்சிருக்குமே."

"பக்கத்து வீட்டுல கேட்டாலே ஒங்க பேரு போயிருமே, அங்கன அத்தன பேரு கேட்டா? இங்கன சொல்லாட்டி பஸ்ஸுல்லா போயிருக்கும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கரிப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

வேலை போனது போனதுதான். அந்த இன்னொரு டீச்சர் சேர்ந்துவிட்டார். தலைவர் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர். சார், நீங்கள் திருத்தச் சொன்ன ஆள் யார் என்று இப்போது தெரிந்திருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்தில் மறுபடி இடம் காலியானால் அவளைக் கூப்பிடுங்கள். நான் துணைக்கு வர மாட்டேன்.

இதை எழுதி முடித்து, தபாலில் போடுவதற்கு முன்னால் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். குழம்பை இறக்கி வைத்துவிட்டு, நின்றுகொண்டே படித்தாள்.

"எல்லாம் நடந்தபடிதான் எழுதியிருக்கீய. வீட்டுக்காரிங்கீய, டீச்சருங்கீய, அவளுங்கீய..." காகிதத்தைத் திரும்ப நீட்டினாள். "எம்பேரு எங்க?"

வாங்கிப் புரட்டினேன். முதல் வரியிலிருந்து தேடினேன். ஓர் இடத்தில்கூட இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'ஏட்டி'தான். பெயரைச் சொல்லக்கூடாது என்று என்னை யாரும் தடுக்கவில்லையே!

"பத்திரிகையில பொம்பளை பேரைப் போடுறது..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த அம்மாளாவது தானா மறைச்சாவ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எஸ்தர் அன்னபாக்கியம், பி.ஏ. — அச்சுக் கோப்பவர் தயவுசெய்து இதை என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடவும்.